குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்!

1/ வயித்துப்போக்குன்னு ஓ.பி.க்கு வர்றவங்க பெரும்பாலும் "எனக்கு என்ன டாக்டர்?"னு கேக்குறதில்ல. "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க"ன்னுதான் ஆரம்பிக்குறாங்க. இந்த த்ரெட் அந்த ஒரு வரியைப் பத்தினது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா கண்டிப்பா படிங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். வாயால குடிக்க முடியுற ஒருத்தருக்கு, பேதிக்காக டிரிப்ஸ் போடத் தேவையில்லை. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். டிரிப்ஸ்தான் வைத்தியம்னு நம்புறதால, வீட்டுல முதல் பேதியிலயே ஆரம்பிக்க வேண்டிய வைத்தியம் பல மணி நேரம் தள்ளிப்போகுது. பச்சைக் குழந்தைக்கு அந்தச் சில மணி நேரம்தான் எல்லாமே.

3/ அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு பார்ப்போம். 5% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நீங்க சொல்ற குளுக்கோஸ் பாட்டில், 500 மி.லி. அதுல இருக்குறது 25 கிராம் குளுக்கோஸ். மிச்சம் தண்ணி. அஞ்சாறு டீஸ்பூன் சர்க்கரை போட்ட தண்ணின்னு வச்சுக்கோங்க. சக்தின்னு பார்த்தா ரெண்டு இட்லி. "உடம்புல சத்தே இல்ல, பாட்டில் போடுங்க"ன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு இட்லியைத்தான் நரம்பு வழியா ஏத்துறோம்.

4/ இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. அந்த பாட்டில்ல உப்பு துளி கூட கிடையாது. பேதியில உடம்பு இழக்குறது தண்ணியும் உப்பும். உப்பில்லாத தண்ணியை மட்டும் ஏத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கி குழந்தைக்கு வலிப்பு கூட வரலாம். நிஜமாவே நீர்ச்சத்து வத்திப் போய் வர்றவங்களுக்கு நாங்க அவசரமா போடுறது ரிங்கர் லாக்டேட். அதுல குளுக்கோஸே இல்லை!

5/ சரி, அப்போ வாய் வழியா குடிச்சா மட்டும் உடம்புல ஒட்டுமா? "குடிச்சது எல்லாம் அப்படியே வெளிய போகுதே டாக்டர்"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி பிரச்சினை முடிஞ்சிடும். அதுக்கு நம்ம உடம்போட ரெண்டு எல்லைகளைப் பார்க்கணும். ஒண்ணு நுரையீரல், இன்னொண்ணு சிறுகுடல். வெளியுலகத்துல இருந்து ரத்தத்துக்குள்ள பொருள் வர்ற பெரிய வாசல்கள் இந்த ரெண்டும்தான்.

6/ நுரையீரல்ல வேலை சுலபம். கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள். காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்குற சுவர் ஒரு மைக்ரானை விட மெல்லிசு. காற்றுப்பைக்குள்ள ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100, அங்க வந்து சேர்ற ரத்தத்துல சுமார் 40. மேட்டுல இருந்து பள்ளத்துக்குத் தண்ணி ஓடுற மாதிரி ஆக்சிஜன் தானா உள்ள போயிடும். கரியமில வாயு அதே மாதிரி தானா வெளிய வந்துடும். கூலியும் இல்ல, ஆளும் வேண்டாம்.

7/ குடல் அப்படி இல்லை. அங்க வாசல்ல காவல் இருக்கு. குளுக்கோஸ் மாதிரி ஒரு பொருள் செல்லுக்குள்ள தானா நுழைய முடியாது. தூக்கிட்டுப் போக ஒரு புரதம் வேணும். அதுக்குப் பேர் எஸ்.ஜி.எல்.டி.1. அதோட நிபந்தனை விசித்திரமானது: குளுக்கோஸ் தனியா வந்தா ஏத்தாது. கூடவே ரெண்டு சோடியம் வரணும். சோடியம் தனியா வந்தாலும் அந்தக் கதவு திறக்காது. ஜோடியா வந்தா மட்டும்தான் அனுமதி.

8/ அப்படி உப்பும் சர்க்கரையும் ஜோடியா உள்ள போறப்போ, பின்னாடியே தண்ணியும் போகுது. இது சவ்வூடு பரவல், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். செல்லோட மறுபக்கத்துல ஒரு பம்ப் இருந்து, உள்ள வந்த சோடியத்தை விடாம ரத்தப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். அதனால முன் வாசல்ல எப்பவும் சோடியத்துக்கு இடம் இருக்கும். மொத்த விஷயமும் அவ்வளவுதான். உப்பு, சர்க்கரை, தண்ணி.

9/ இதோட அளவை நினைச்சுப் பாருங்க. நீங்க ஒரு நாளைக்குக் குடிக்குறது ரெண்டு லிட்டர்னு வைங்க. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர்னு உடம்பே இன்னும் ஏழு லிட்டர் பக்கம் குடலுக்குள்ள கொட்டுது. இந்த ஒன்பது லிட்டர்ல மலத்தோட வெளிய போறது வெறும் 100-200 மி.லி.தான். மீதி அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிடுது. இந்தக் கணக்கு கொஞ்சம் தவறினாலே பேதிதான்.

10/ காலரா கிருமி என்ன பண்ணுது? அதோட நச்சு குடல் செல்லுல குளோரைடு வெளிய போற வழியைத் திறந்து வச்சிடுது. குளோரைடு பின்னாடி சோடியம், அது பின்னாடி தண்ணின்னு மடை திறந்த மாதிரி கொட்டுது. ஆனா, இதைக் கவனிங்க, அந்த எஸ்.ஜி.எல்.டி.1 கதவை அது தொடுறதே இல்லை. வீட்டுல ஒரு பக்கம் குழாய் உடைஞ்சு கொட்டினாலும், இன்னொரு பக்கம் தொட்டியை நிரப்புற குழாய் நல்லாத்தான் இருக்கு. நாம அதைப் பயன்படுத்திக்கணும். ரோட்டா வைரஸ் மாதிரி கிருமிகள் குடலோட விரலிகளையே கொஞ்சம் சிதைச்சாலும், பெரும்பாலான குழந்தைகளுக்கு வேலை நடக்குற அளவுக்கு மிச்சம் இருக்கும்.

11/ "குடிச்சது எல்லாம் வெளிய போகுதே"ங்குறதுக்கு இதுதான் பதில். வெளிய போறது பெரும்பாலும் உடம்புல இருந்து ஊறின தண்ணி. நீங்க சரியான அளவுல குடிச்ச உப்பு-சர்க்கரைத் தண்ணியில பெரும் பகுதி உள்ள போகுது. கண்ணுக்குத் தெரியுறது வெளிய போறது மட்டும்தான், உள்ள போனது தெரியாது. இன்னொண்ணு: ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துற மருந்து இல்லை. பேதி ரெண்டு மூணு நாள் இருந்துட்டு தானா நிக்கும். அது வரைக்கும் ஆளைக் காப்பாத்தி வைக்குறதுதான் ஓ.ஆர்.எஸ். வேலை. "ரெண்டு பாக்கெட் குடுத்தேன், பேதி நிக்கல, அதனால நிறுத்திட்டேன்"னு சொல்றது தப்பு.

12/ இதெல்லாம் சும்மா தியரி இல்லை. 1960-ல பிராக் நகரத்துல ராபர்ட் கிரேன்ங்குற விஞ்ஞானி இந்த ஜோடிக் கதவு விஷயத்தை முன்வச்சார். பதினோரு வருஷம் கழிச்சு, 1971 வங்கதேசப் போர். மேற்கு வங்காளத்துல பன்கான் அகதிகள் முகாம். காலரா. தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில் தீர்ந்துக்கிட்டே வருது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு முடிவு எடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் மூணையும் கலந்து பெரிய டிரம்ல வச்சு, கூட வந்த சொந்தக்காரங்களையே மொண்டு குடுக்க வச்சார்.

13/ சுமார் 30% ஆக இருந்த சாவு விகிதம் 3.6% ஆச்சு. டாக்டர்களும் நர்ஸ்களும் போதாத இடத்துல, அம்மாவும் அண்ணனும் டம்ளரால செஞ்ச வைத்தியம் இது. 1978-ல தி லான்செட் இதழ், இது இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம்னு தலையங்கம் எழுதுச்சு. மஹாலனாபிஸ் 2022-ல காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க. நம்ம நாட்டுல நிரூபிச்ச வைத்தியத்தை நம்ம நாட்டுலயே "வெறும் தண்ணி பாக்கெட்"னு சொல்றதுதான் எனக்கு ஆற்றாமை.

14/ நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள், சிறுகுடல்ல செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ல சேர்த்து காலரா நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. பேதியோட அளவு குறைஞ்சது. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், அங்க இருக்குற பாக்டீரியா அதை நொதிக்க வச்சு, அதுல வர்ற கொழுப்பு அமிலங்கள் அங்கயும் உப்பையும் தண்ணியையும் உறிஞ்ச உதவுது. 2000-ல வந்த ஆய்வு. உப்பு போட்ட அரிசிக் கஞ்சி குடுத்த நம்ம பாட்டிங்க ஒண்ணும் தப்பு பண்ணல. கஞ்சி மாவு குடல்ல குளுக்கோஸா உடையும், உப்போட சேர்ந்து அதே கதவு வழியா உள்ள போகும்.

15/ இப்போ நடைமுறைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2002-ல மாத்தி அமைச்ச ஓ.ஆர்.எஸ். கணக்கு, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். கடையில வாங்கும்போது பாக்கெட்ல இந்த அளவு போட்டிருக்கான்னு பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஜி.ஹெச்.லயும் இலவசமாவே குடுக்குறோம்.

16/ இந்த அளவு ஏன் முக்கியம்? சர்க்கரை கூடிட்டா குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், பேதி அதிகமாகும். சாதாரண குளிர்பானத்துல லிட்டருக்கு சுமார் 100 கிராம் சர்க்கரை, உப்பு பேருக்குத்தான். ஜூஸும் அப்படித்தான். குளுக்கோஸ் பவுடர் மட்டும் கரைச்சுக் குடுத்தா கூட வர வேண்டிய ஜோடி இல்லை. இளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி. கூடுதலா குடுங்க, ஓ.ஆர்.எஸ்.க்குப் பதிலா வேண்டாம்.

17/ ரொம்ப வருஷமா டெட்ரா பாக்கெட்ல இனிப்புப் பானத்துக்கு "ஓ.ஆர்.எஸ்."னு ஒட்டுப்பேர் வச்சு மெடிக்கல் ஷாப்லயே வித்தாங்க. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா போராடினார். 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த எழுத்துகளை உணவுப் பானங்களோட பேர்ல பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆனாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க. ஆரஞ்சு படம் போட்டு "எலக்ட்ரோலைட்"னு எழுதியிருந்தா மட்டும் அது மருந்து ஆயிடாது.

18/ கலக்குற முறை: ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் நல்ல தண்ணியில கலக்குங்க. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலையே அளவா வச்சுக்கோங்க. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணின்னா இன்னும் நல்லது. பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர்ல போட்டுக் குடுக்காதீங்க. உப்பு ஏறி ஆபத்தாகும். 200 மி.லி. சின்ன பாக்கெட்டும் இருக்கு, எவ்வளவு தண்ணின்னு அதுலயே எழுதியிருக்கும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, கொட்டிட்டு புதுசா கலக்குங்க.

19/ பாக்கெட் கைல இல்லையா? ஒரு லிட்டர் தண்ணி, தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி அரை டீஸ்பூன் உப்பு. நாக்குல வச்சுப் பாருங்க, கண்ணீரை விட அதிகமா கரிக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்குற வரைக்கும் இது போதும். உப்பு போட்ட கஞ்சி, மோர் எல்லாம் கூடவே குடுக்கலாம்.

20/ எவ்வளவு குடுக்கணும்? ஒவ்வொரு பேதிக்கு அப்புறமும், 2 வயசுக்குக் கீழ 50-100 மி.லி., 2 முதல் 10 வயசு வரை 100-200 மி.லி., அதுக்கு மேல கேக்குற அளவு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. கூடவே துத்தநாக மாத்திரை: 6 மாசத்துக்கு மேல தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாசம் வரை 10 மி.கி., பேதி நின்னாலும் 14 நாள். பேதியை நிறுத்துற மாத்திரையை குழந்தைக்கு நீங்களா குடுக்காதீங்க. ஆன்டிபயாட்டிக்கும் பெரும்பாலான பேதிக்குத் தேவையில்லை.

21/ "குடுத்தா வாந்தி எடுக்குறான் டாக்டர்." பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். தாகத்துல குழந்தை டம்ளரைப் பிடுங்கும், விடாதீங்க. மடக்கு மடக்குனு குடிச்சா வயிறு திருப்பித் தள்ளும். ஒரு அம்மா ஸ்பூனை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தா, நான் போடுற டிரிப்ஸை விடப் பெரிய வேலை அது. "சளி பிடிக்குமே"ன்னா, பிடிக்காது. "எனக்கு சுகர் இருக்கே"ன்னா, லிட்டருக்கு 13.5 கிராம்தான், பேதி நேரத்துல குடிக்கலாம். கிட்னி, இதயப் பிரச்சினை இருக்குறவங்களும், சுகர், பி.பி. மாத்திரை எடுக்குறவங்களும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பேதி நாள்ல சில மாத்திரைகளை மாத்த வேண்டி இருக்கும்.

22/ அப்போ டிரிப்ஸே வேண்டாமா? அப்படிச் சொல்லல. இந்த அறிகுறிகள் இருந்தா ஒரு நிமிஷம் கூட வீட்டுல நிக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க: குழந்தை துவண்டு கிடக்கு அல்லது கூப்பிட்டா முழிக்கல, குடிக்க முடியல, கண்ணு உள்ள போயிடுச்சு, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் திரும்புது, கை கால் ஜில்லுனு இருக்கு, மணிக்கணக்கா ஒண்ணுக்குப் போகல. மலத்துல ரத்தம், விடாத வாந்தி, ரொம்பக் காய்ச்சல் இருந்தாலும் வந்துடுங்க. இவங்களுக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். வர்ற வழியில, முழிப்பா இருந்து குடிக்க முடிஞ்சா, ஸ்பூன்ல ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டே வாங்க.

23/ நான் இவ்வளவு வாதாடுறதுக்குக் காரணம் அந்த "வர்ற வழி"தான். கிராமத்துல பேதி ஆரம்பிக்குது. "டவுனுக்குப் போய் பாட்டில் போட்டா சரியாயிடும்"னு பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க. "குடிச்சா இன்னும் போகும்"னு தண்ணியும் குடுக்குறதில்ல. வந்து சேரும்போது நாலஞ்சு மணி நேரம் போயிருக்கும். வத்திப் போன குழந்தைக்கு நரம்பு கிடைக்குறதே கஷ்டம். ரெண்டு கையிலயும் குத்தி, கால்ல தேடணும். அந்த நாலு மணி நேரத்துல வீட்டுல ஒரு பாக்கெட் கரைச்சிருந்தா, பல குழந்தைகளுக்கு அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது.

24/ பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நடந்து வந்து, டீ குடிச்சிட்டு, பாட்டில் கேக்குறீங்க. ஒரு பாட்டிலுக்கு ஒரு பெட், ஒரு சிஸ்டர், ஒன்னு ரெண்டு மணி நேரம். ராத்திரி டியூட்டியில ஒரு வார்டுக்கு எத்தனை சிஸ்டர் இருப்பாங்கன்னு நீங்களே பார்த்திருப்பீங்க. அந்த பெட் நிஜமா தேவைப்படுறவங்களுக்குப் போகணும். ஊசி குத்துன இடத்துல வீக்கம், சீழ், காய்ச்சல் வர்ற வாய்ப்பு தனி. "போட்டதும் தெம்பா இருக்கே"ன்னு கேப்பீங்க. உள்ள போன தண்ணியும் ரெண்டு மணி நேரம் படுத்த ஓய்வும் குடுத்த தெம்பு அது. அதே தெம்பு டம்ளர்லயும் வரும்.

25/ என் துறையையும் விட்டுவைக்க மாட்டேன். பாட்டில் தொங்க விட்டா நோயாளிக்கு "வைத்தியம் பார்த்தாங்க"ன்னு திருப்தி, சில இடங்கள்ல பில்லும் ஏறும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எழுதிக் குடுத்தா "இதுக்கா வந்தோம்?"னு முகம் மாறும். விளக்கிச் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகும், ஊசி குத்த ஒரு நிமிஷம் போதும். இந்தக் கணக்கு மாறாம எதுவும் மாறாது. ஓ.பி.யில ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் காட்டி, அங்கயே உக்கார வச்சு குடிக்க வைக்குற ஒரு மூலை, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் பேருக்கு இல்லாம நிஜமா நடக்கணும். அதுக்கு ஆள் போடணும். அரசுகிட்ட நான் கேக்குறது இதுதான். உங்ககிட்ட கேக்குறது, டாக்டர் பாட்டில் போடலைன்னா "கவனிக்கல"ன்னு நினைக்காதீங்கன்னு.

26/ உலகத்துல இன்னைக்கும் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள் பேதியால இறக்குறாங்க. மருந்து கண்டுபிடிச்சு அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த நிலைமை. நல்ல தண்ணி, கழிப்பறை, கை கழுவுறது, ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இதெல்லாம் பேதியை வராம தடுக்கும். வந்துட்டா ஆளைக் காப்பாத்துறது உங்க சமையலறையில இருக்கு.

27/ இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த தடவை பி.ஹெச்.சி.க்கோ மெடிக்கலுக்கோ போகும்போது மூணு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வாங்கி, அஞ்சறைப்பெட்டி பக்கத்துல வைங்க. காலாவதி தேதியைப் பாருங்க. வீட்டுல இருக்குற எல்லாருக்கும், பாட்டிக்கும் சேர்த்து, எப்படிக் கலக்கணும்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.